முப்பத்தாறாம் சேனல்

திருத்தணி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் கோமளவல்லி. கரும்பலகையில் வட்டம் போட அவளுக்குக் கருவி எதுவும் வேண்டாம்; கையை ஒரு சுழற்று சுழற்றினால் போதும். ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு சைன் வளைகோடு வரையும்போது மட்டும் அவளுக்கு மனம் ஒப்பாது. கையால் இழுக்கிற வளைவு எங்கேயாவது கொஞ்சம் பொய் சொல்லும். சென்னையில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சியில், ஒரு கம்ப்யூட்டர் அதே கோட்டைப் புள்ளி புள்ளியாகத் திரையில் வரைந்து காட்டியது. அதைப் பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கணவனிடம் சொல்லிவிட்டாள்.

கணவன் துளசிங்கம் திருவாலங்காடு சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. எங்கள் ஆபீஸிலேயே இன்னும் வரவில்லை, வீட்டுக்கு எதற்கு என்று கேட்டான்.

"ஆபீஸுக்கு வரும்போது வரட்டும்ங்க. எனக்கு இப்ப வேணும்."

எண்பத்தேழாம் வருஷம் கோடை விடுமுறையில் இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார்கள். கடைக்காரர், சிங்கப்பூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் என்று ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். பார்வைக்குப் பெரிய ஜாமெட்ரி பாக்ஸ் போலத்தான் இருந்தது. மேலே வரிசையாக ரப்பர் பொத்தான்கள். கோமளவல்லி கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் துளசிங்கத்தைப் பார்த்தே பதில் சொன்னார். நான்காவது கேள்விக்கு முன்னால் அவள் தன் நாற்காலியைத் தூக்கி இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு பதில் அவளுக்கு வந்தது. வீட்டு டிவியில் சொருகினால் போதும், இரண்டே நிமிஷ வேலை என்றார்.

முதல் நாள் அதைச் சுவரிலேயே சொருக முடியவில்லை. அதன் பிளக்குக்குத் தடித்த சப்பைக் கால்கள், நம் ஊர் சுவரிலோ உருண்டைத் துளைகள். பஜாரில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த எல்லப்பன் அந்தத் தலையை வெட்டிவிட்டு வேறு தலை வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து டிவியில் இணைத்தால், திரை முழுக்க எறும்பு மொய்த்ததுபோல் புள்ளிகள். டிவியின் குமிழை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை திருகியும் எறும்பு கலையவில்லை.

டிவி மெக்கானிக் பரசுராமன் வந்து பார்த்தார். "டிவி நல்லாத்தான் கீது டீச்சர். பொட்டிதான் செத்துப்பூட்ச்சி" என்றார்.

பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மறுபடியும் ரயிலேறினார்கள். கடையில் அதை அங்கிருந்த டிவியில் சொருகியதும் எழுத்து பளிச்சென்று வந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை, உங்கள் டிவியைத்தான் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று கைகழுவிவிட்டார்கள்.

திரும்பும் வழியில், வந்த விலைக்கு யாருக்காவது தள்ளிவிடலாம் என்று துளசிங்கம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.  கோமளவல்லி பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பரீட்சைத்தாள் திருத்துகிற முகத்தோடு ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். மணவூர் ஸ்டேஷன் தாண்டும்போது ஒரு வரியின்மேல் விரலை ஊன்றினாள்.

"ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்ங்க. டிவியும் நல்லா இருக்குது, பொட்டியும் நல்லா இருக்குது. இது முப்பத்தாறாம் சேனல்ல பேசிகினு இருக்குது. நம்ம டிவிக்குப் பன்னண்டுக்கு மேல காது கிடையாது."

முப்பத்தாறு வரை போகிற டிவிக்கு எங்கே போவது என்று துளசிங்கம் கேட்டான். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. எதிர்வீட்டு நாகராஜன் பவர்லூம் வைத்திருப்பவர். அவருடைய பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், துபாயிலிருந்து ஒரு சின்ன டிவி கொண்டுவந்து கொடுத்திருந்தார். நாகராஜன் வீட்டில் ஆள் அதிகம். அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டுதான் படம் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் கோமளவல்லி அங்கே போனாள். எங்கள் பெரிய டிவியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் சின்ன டிவியை எனக்குக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டாள். நாகராஜனுக்குக் கசக்குமா? ஆனாலும் சார் என்ன சொல்வாரோ என்று தயங்கினார்.

"ஞாயித்துக்கிழமை படத்துக்கு உங்க வூட்டுல அவருக்கு ஒரு நாற்காலி போட்டுடுங்க. போதும்."

சின்ன டிவியின் குமிழ் முப்பதைத் தாண்டியது. எறும்புகள் கலைந்தன. வெளிறிய திரையின் அடியில் ஒரு வரி ஆங்கிலம் நின்றது. கோமளவல்லி தன் பெயரை அடிக்க நினைத்து K என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் LIST என்று வந்தது. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் முழு வார்த்தை ஒன்று ஒளிந்திருந்தது. முதலில் அதுதான் வெளியே குதிக்கும். எந்த வார்த்தை எந்தப் பொத்தானில் என்று விரல்களுக்குப் பழக்குவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பெரிய இடைஞ்சல் தெரிந்தது. எதிர்வீட்டில் நாகராஜனின் தறிகள் தினமும் பல தடவை ஒன்றாகக் கிளம்பும். தெருவில் பல்பெல்லாம் ஒரு கணம் சிவந்து மங்கும். கோடு வரைவதற்காகக் கோமளவல்லி அதுவரை அடித்த கட்டளையெல்லாம் துடைத்த பலகை ஆகிவிடும். டேப் ரெக்கார்டரில் பதிந்து வைக்கலாம் என்று புத்தகம் சொன்னது. பதிந்தாள். திருப்பிப் போட்டால், கீச்சென்று கத்தியதே தவிரப் பெட்டி அதைப் படிக்கவில்லை. ஒரு நாள் கடைசி வரிக்கு வந்தபோது பல்பு சிவந்தது. அவள் எழுந்து, ஊறவைத்திருந்த அரிசியை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினாள். அன்றைய மாவு வெண்ணெய் போல இருந்தது என்று துளசிங்கம் பிறகு சொல்வான்.

மாவு ஆட்டும்போதே அவளுக்கு யோசனை வந்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது.

கிருத்திகை என்றால் வீட்டில் உறவு ஜனம் நிரம்பி வழியும், அன்றைக்காவது பெட்டியைப் பரண்மேல் போடு என்றான் துளசிங்கம். சமையலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவேன், அப்புறம் என்னை யாரும் கூப்பிடக்கூடாது என்று அவள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். சொன்னபடியே சாம்பாரை இறக்கிவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே காவடியும் பம்பையும் தெருவை அடைத்துக்கொண்டு போயின. நகரியிலிருந்து வந்திருந்த நாத்தனார் கன்னியம்மாள் மலையேறி முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். தன் பழைய டிவி இந்த வீட்டுக்கு வந்த பாசத்தில் நாகராஜனும் எட்டிப் பார்த்தார்.

கடைசி வரியையும் அடித்துவிட்டு கோமளவல்லி ஓடவிட்டாள். திரையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று, சற்று மேலே. பிறகு இன்னொன்று.

"மலை ஏறுதா கோமளா?" என்று கன்னியம்மாள் கேட்டாள்.

"ஆங், ஏறுதுக்கா. உச்சிக்குப் போனதும் எறங்கும், பாருங்க."

இறங்கியது. நடுக்கோட்டைத் தாண்டிப் பள்ளத்தில் போய், மறுபடியும் ஏறியது. உச்சி எங்கே வர வேண்டுமோ அங்கே கோமளவல்லி முன்கூட்டியே திரையில் விரலை வைத்திருந்தாள். புள்ளி வந்து விரலின் நுனியில் நின்றது. இத்தனை வருஷமாகச் சாக்பீஸால் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். மறுபடியும் ஓடவிட்டாள்.

அன்றே டேப்பின் சங்கதியும் பிடிபட்டது: சத்தத்தை முக்கால்வாசி வைத்தால் பெட்டி சமர்த்தாகப் படித்துக்கொண்டது. நாகராஜனும் அதற்கப்புறம் தறி போடுவதற்கு முன்னால் வாசலில் நின்று, "டீச்சர், போடப்போறேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் சட்டென்று டேப்பில் பதிந்துகொள்வாள்.

சனிக்கிழமைகளில் பிளஸ் டூ பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பத்மா என்ற பெண் ஒரு நாள், கேட்காமலேயே எண்ணை மாற்றி மலையை இரண்டு மடங்கு உயரமாக்கினாள். பாதி ஏற்றத்திலேயே புள்ளி திரையின் மேல்விளிம்பை முட்டியது. தப்பு என்று ஒரு வரி காட்டிவிட்டுப் பெட்டி நின்றுவிட்டது. பத்மா பயந்து கையை எடுத்தாள். கோமளவல்லி கோபிக்கவில்லை. ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் ஒருத்தியும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் காப்பி போட உள்ளே போனாள்.