கூடத்துச் சுவரில் மழை

நாடகத்திரை எழுதுபவர் எங்கள் கூடத்துச் சுவரில் கொல்லிமலையைத் தீட்டியபோது அப்பாவும் தங்கையும் நானும் இருந்தோம். அம்மா இல்லை, தங்கையின் கல்யாணத்துக்கு அழைக்கச் சங்ககிரி போயிருந்தார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் படம் முடிய வேண்டும்.

மலையடிவாரத்து வயல்களில் அந்திவெயில் பொன்னாய்ப் படிந்திருந்தது. பள்ளிப் புத்தகங்களில்கூட அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. அப்பாவின் முகம்தான் சுண்டிவிட்டது.

"ஏனுங்க, வெளிய காயற வெயில் பத்தாதுங்களா? சம்பந்தி பாத்தா பஞ்சம் புடிச்ச காடுன்னு நெனைச்சுக்குவாருங்க."

"இது சாயங்கால அழகுங்க."

"அழகு கெடக்குட்டும். மழையப் போடுங்க."

ஓவியர் பெருமூச்சுடன் ஒரு மேகம் வைத்தார். "இன்னொண்ணு, சாமி!" என்றார் அப்பா. மேகம் கூடக்கூட அவர் முகம் மலர்ந்தது. ஏற்கெனவே மங்கலான கூடம் இருண்டது.

மத்தியானம் திரும்பிய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, செவுத்துல எதுக்குக் கரிய அப்பி வெச்சிருக்கறீங்க?"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா வண்டி பூட்டினார். நாமக்கல்லில் கண்ணாடி ஓடுகள் வாங்கிவந்து, பொழுது சாய்வதற்குள் கூரையில் பதிக்கச் செய்தார்.

மறுநாள் அந்த வெளிச்சத்தில் மேகங்கள் மின்னின. "நல்ல மழைங்க!" என்று சம்பந்தி துண்டை உதறி உட்கார்ந்தார்.

மழைக்கு ஐந்து ரூபாய், அதைக் காட்டிய வெயிலுக்கு இரண்டு. ஆக ஏழு ரூபாய் ஆயிற்று.