நீச்சல் குளத்தில் ஒளிய இடமில்லை

ஊட்டி மார்க்கெட்டில் எங்களுக்கு ஸ்வெட்டர் கடை. மஃப்ளர், குல்லாய், உள்ளே போடும் தெர்மல் எல்லாம் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்தக் கடையில்தான் நிற்கிறேன். அதனாலோ என்னவோ எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்துவிட்டது. ஒருமுறை எங்களிடம் வாங்கியவர் அடுத்தமுறை வேறு கடைக்குப் போனால் எனக்குத் தாங்காது. வேறு கடைப் பையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, எதிர்ச்சாரியில் குனிந்தபடி போகிறவர்களை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். "ஏனுங்க, கண்ணுல தூசி விழுந்துருச்சுங்களா? இந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கறீங்க?" என்று ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பேன்.

எங்களிடம் வேலை பார்த்த சேல்ஸ்மேன் எதிரிலேயே தனிக்கடை போட்டபோது பாதி வாடிக்கைக்காரர்கள் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். யாருக்கு என்ன அளவு, யாருக்குக் கம்பளி பட்டால் அரிக்கும் என்பதெல்லாம் அவர் மண்டையில்தான் இருந்தது. போனவர்களை நான் வண்டி வண்டியாகத் திட்டினேன். அது பஜாரில் இன்னும் பேச்சு.

இப்படிப்பட்ட நான் ஸ்கூபா டைவிங் கற்கப் போனதற்கு என் மகள்தான் காரணம். அவளுக்கு அந்தமானில் ஓட்டல் வேலை. லீவு கிடைத்தால் கடலுக்கு அடியில் போய் மீன் பார்த்துவிட்டு வருவாள். "அம்மா, நீ வா. நானே உன்னைக் கீழ கூட்டிட்டுப் போறேன். ஆனா அங்கயே ஒரு குளத்துல பழகிட்டு வந்துரு. இங்க வந்து நீ கத்தினா என் மானம் போயிரும்" என்றாள். வேலைக்குப் போனதிலிருந்து போனில் அவள் பேசுவதெல்லாம் "சாப்பிட்டேன்", "தூங்கப் போறேன்" என்கிற அளவுதான். அவளாக என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது கடலுக்கு அடியில் என்றாலும் எனக்குப் போயே ஆக வேண்டும்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு ரொம்பச் சின்னது. கொதிக்க வைத்து, பக்கெட்டில் விளாவி, அவசரமாக ஊற்றிக்கொண்டு ஓடிவந்துவிடுவோம். தலைக்கு மேல் தண்ணீர் என்பதை நான் மழையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கோயமுத்தூரில் ஒரு டைவிங் கடை இருந்தது. ஒரு குளத்தை வாடகைக்கு எடுத்து அங்கே பயிற்சி கொடுப்பார்கள். கடையின் முதலாளி கிட்டத்தட்ட என் வயதுப் பெண்மணி. உள்ளே நுழைந்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ரப்பர் உடுப்புகளை அளவு வாரியாகத் தொங்கவிட்டிருந்தார். சிலிண்டர்கள் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று நின்றன. இந்தம்மாவுக்குத் தொழில் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வகுப்பிலிருந்து எனக்காகவே பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். "குடிங்கக்கா, ஊட்டிக்காரங்களே இப்படி நடுங்கினா நாங்க எங்க போறது" என்பார்.

சொல்லிக்கொடுத்தவர் அங்கே சம்பளத்துக்கு இருந்த மாஸ்டர். சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். தண்ணீருக்குள் இறங்கியதும் அவருடைய இடது கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்துக்கொண்டே மூச்சு விடப் பழகினேன், மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றினேன், குளத்துத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதக்கவும் மிதந்தேன். கையை விடுவது மட்டும் வரவே இல்லை. அவர் விரலைப் பிரித்தால் நான் மணிக்கட்டைப் பிடிப்பேன். மணிக்கட்டை உருவினால் முழங்கையைப் பிடிப்பேன். "தனியா மிதக்கறவரைக்கும் உங்களைக் கடலுக்கு அனுப்ப மாட்டேனுங்கக்கா" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து மாஸ்டர் கடையை விட்டு விலகினார். எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இனிமேல் தனியாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் வெந்நீர்க் குளம் இருக்கிறதாம். எனக்குப் பக்கமாம்.

அன்று கடையில் எனக்கு வியாபாரமே ஓடவில்லை. கடை என்றால் நாலு பேர் இருப்பார்கள், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் வருவார், சாமான் நம்பகமாக இருக்கும், சுக்குக் காப்பியும் இருக்கும். தனி ஆள் என்றால் நமக்குத் தோதான நேரம், நம் ஒருவரை மட்டும் பார்ப்பார், கோயமுத்தூருக்கு மலை இறங்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்குப் பழகின கை அவரிடம்தான் இருக்கிறது. அந்தக் கை இல்லாமல் நான் தண்ணீரில் காலைக்கூட வைக்கப் போவதில்லை.

என் வீட்டுக்காரர் சாக்ஸ் அடுக்கியபடியே கேட்டார். "அம்மிணி, நம்ம சேல்ஸ்மேன் பின்னால போனவங்களை நீ என்னென்ன சொன்னே? கொஞ்சம் ஞாபகப்படுத்து பாக்கலாம்."

"அது வேற, இது வேற" என்றேன்.

"எப்படி வேற?"

"அது ஸ்வெட்டர்."

அவர் சாக்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மாஸ்டரிடம் போனில் கறாராக விசாரித்தேன். "சிலிண்டர் யாருதுங்க? காத்து எங்க அடைக்கறீங்க?" அதெல்லாம் நல்ல இடத்தில் வாடகைக்கு எடுப்பதாகச் சொன்னார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுவாரம் கடைக்கார அம்மா கூப்பிட்டார். "அக்கா, அடுத்த பேட்ச் ஆரம்பிக்கறேன். வந்துருங்க, எப்படியாச்சும் கையை விட வெச்சுரலாம்." நான் முட்டிவலி என்றேன். அவர் பதறிப்போய் என்ன எண்ணெய் தேய்க்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நான் "சரிங்க, சரிங்க" என்றேன். ரொம்பக் கேவலமாக இருந்தது.

குன்னூர் ரிசார்ட்டில் முதல் வகுப்பு. வெளியே மூடுபனி, குளத்திலிருந்து ஆவி, எது எதென்று தெரியவில்லை. ரப்பர் உடுப்புக்குள்ளே எங்கள் கடைத் தெர்மலைப் போட்டிருந்தேன். மாஸ்டர் என் முதுகில் சிலிண்டரை மாட்டிவிட்டார். கழுத்தளவுத் தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் கருப்புப் பைகள் இறங்கின. பின்னால் ஆட்கள் இறங்கினார்கள். கடைசியில் ஒரு பிளாஸ்க் இறங்கியது. அதைப் பிடித்திருந்தவர் கடைக்கார அம்மா. கோயமுத்தூர்க் குளத்தில் டைல்ஸ் வேலை நடப்பதால் இங்கே வந்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சால்வை இருந்தால் தலையில் போர்த்தியிருப்பேன். எதிர்ச்சாரி இருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பேன். இரண்டும் இல்லாததால் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு, மாஸ்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன். இறங்குவதற்கு என்னை அரைமணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்த மனிதர் மாஸ்க்குக்குள் கண்ணை விரித்துக்கொண்டு கூடவே வந்தார்.

கடலாக இருந்தால் ஒரு பாறையாவது இருக்கும். அது ஆழமான மூலையிலும் கண்ணாடி மாதிரித் தெளிந்த நீலக் குளம். நான் மாஸ்டருக்குப் பின்னால் ஒளிந்தேன். என்னில் பாதிகூட இல்லாத ஒல்லி ஆசாமி அவர். அவர் திரும்பினால் நானும் கூடவே திரும்பினேன். சற்று நேரத்தில் தண்ணீரைக் கலைத்துக்கொண்டு கடைக்கார அம்மா இறங்கிவந்தார். மெதுவாக எங்களைச் சுற்றினார். என் முதுகைப் பார்த்தார். முன்பக்கம் வந்து, தலையைச் சாய்த்து, என் மாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தார்.

மேலே போகலாம், காற்றுக் குறைகிறது, காது வலிக்கிறது என்று தண்ணீருக்கடியில் எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. முட்டிவலி என்று பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். இரண்டு கைகளையும் கூப்பி, தலை குனிந்து, கும்பிடு போட்டேன். கூப்பிய கையை இறக்கவும் வெட்கமாக இருந்தது. அப்படியே இருந்தேன்.

ரொம்ப நேரமாக யாரும் அசையவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கார அம்மா ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு மிதந்தார். மாஸ்டர் எட்டாத தூரத்தில், இன்னொரு பக்கம், அதேபோல் கையைக் கட்டிக்கொண்டு மிதந்தார். நடுவில் நான் கும்பிட்ட வாக்கில் மிதந்துகொண்டிருந்தேன். என்னை யாருமே பிடித்திருக்கவில்லை.

மேலே வந்ததும் கடைக்கார அம்மா மாஸ்க்கைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "முதுகுல எங்க கடைப் பேரைப் பெருசா எழுதின சிலிண்டரை மாட்டிக்கிட்டு, எங்கிட்டயே ஒளியறீங்களேக்கா! மாஸ்டர் சிலிண்டர் எடுக்கறதே எங்கிட்டத்தானுங்க. ஊட்டி அக்காவுக்குன்னுதான் சொல்லி வாங்கிட்டு வந்தாரு."

"அப்ப முட்டிவலிக்கு எண்ணெய் சொன்னது?"

"நீங்க பொய் சொன்னீங்க, நான் வைத்தியம் சொன்னேன்."

"இவருகிட்ட வந்ததுல உங்களுக்குக் கோவமில்லீங்களா?"

"கோவந்தான். கடைக்காரிக்குக் கோவம் வராமயா இருக்கும்? ஆனா நீங்க கையை விட்டதுல அது போயிருச்சு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, முகம் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து எல்லாம் சரி என்ற சைகையை மட்டும் காட்டினார்.

குளத்தின் கரையில் உட்கார்ந்து, ஈரக் கையோடு மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "டிக்கெட் போடு கண்ணு. அம்மா கையை விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "நிஜமாவா? எப்பம்மா? யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க? அந்தக் கடையிலயா, இல்ல அந்த மாஸ்டரா?"

கடைக்கார அம்மா பிளாஸ்க் மூடியில் சுக்குக் காப்பியை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். மாஸ்டரும் பெல்ட்டைக் கழற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"யாரும் சொல்லித் தரலை கண்ணு. நானேதான் கத்துக்கிட்டேன்" என்றேன்.

"அடேங்கப்பா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் அப்போதுதான் மாஸ்டர் சிரித்துப் பார்த்தேன்.