சிவப்புப் பிடி போட்ட கட்டர்

போன வருஷம், குலை வெட்டச் சில நாட்களே இருந்தபோது, ஓடைப்பட்டியில் எங்கள் தெருக்காரர் ஒருவரின் திராட்சைப் பந்தல் சரிந்துவிட்டது. ராத்திரி நல்ல மழை. ஆனால் ஓரத்துக் கம்பி அறுந்து கிடந்ததால், அவருடைய சந்தேகம் அடுத்த தோட்டக்காரர் மேல் போனது. இருவருக்கும் வரப்புத் தகராறு இருப்பது ஊருக்கே தெரியும்.

அன்று விடிகாலையில் நானும் என் மனைவியும் பைக்கில் அந்த வழியாகத்தான் போனோம். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பின்னால் இருந்தவள், அந்த அடுத்த தோட்டக்காரர் பந்தலுக்கடியில் நின்றதைப் பார்த்திருக்கிறாள். அதைக் கேள்விப்பட்டுப் பந்தல்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அந்தாளு எதை வச்சுக் கம்பிய அறுத்தான் தாயி, அரிவாளா, கட்டரா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “கட்டருதேன்.”

“போலீஸ்ல சொல்லுவியா?”

“சொல்றேன்.”

மதியச் சாப்பாட்டுக்குள் அவள் பேச்சில் அந்தக் கட்டருக்குச் சிவப்புப் பிடி முளைத்துவிட்டது. குலையில் காய் கழிக்க எங்கள் வீட்டில் இருக்கும் கத்தரிக்கோலுக்கும் சிவப்புப் பிடிதான். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனிதரை ஸ்டேஷனில் உட்கார வைக்க அவள் சொல் போதும்.

நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் இன்னும் பிடிவாதமாக நிற்பாள், கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

“கட்டர விடு. அங்கன என்ன பாத்த, அத மட்டும் சொல்லு.”

“பந்தலுக்கு அடியில நின்னாரு. சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. ரெண்டு கையையும் இப்படித் தூக்கி...”

தூக்கிக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து மேலே பார்த்தபடி இருந்தன. அவளே அவற்றை அண்ணாந்து பார்த்தாள்.

“கையில ஒண்ணும் இல்லங்க. தாங்கிக்கிட்டு நின்னாரு.”

அப்போதே போய்ப் பந்தல்காரரிடம் சொன்னோம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கம்பியின் முனையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இத்துப்போன கம்பிதேன்” என்றார். போலீஸ் பேச்சு அதோடு நின்றது.

அங்கிருந்து அடுத்த தோட்டக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் தோளில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை.

“தகராறு இருந்தா என்ன, காய்ச்ச பந்தல் சரியிறத எப்படிப் பாத்துக்கிட்டு நிக்க? உங்க வண்டி வந்துச்சு. ‘ஒரு கை குடுங்க’ன்னு கூப்பிட்டேன். நீங்க போயிட்டீக.”

எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு குரல் கேட்டதாக ஞாபகம் இல்லை. இப்போது அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அது தெளிவாகக் கேட்கிறது. அன்றைக்குக் கேட்டதா, அவர் சொன்ன பிறகு கேட்கிறதா என்று யாராவது கேட்டால், எனக்குப் பதில் தெரியாது.