கூரையில் போட்ட போர்

"ஏனுங்க, நீங்க தூங்கிட்டிருக்கறீங்க" என்று என் மனைவி மரியாதையாகத்தான் சொன்னாள். நான் அப்போது கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எருமப்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு மல்லசமுத்திரத்துக்குத் திரும்பும் மத்தியானம். கண்ணைத் திறந்தால் தார்ரோடு எனக்கு வலது கைப் பக்கம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு புளியமரம். பிரேக்கை மிதித்தேன். மரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆடு தாராளமாகப் படுக்கலாம். அவ்வளவு இடைவெளி இருந்ததே என்று பிற்பாடு அவளிடம் பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இறங்கினாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப ஏறி உட்கார்ந்தாள். "சாவியக் குடுங்க."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே அம்மிணி."

"தெரியாதவதானுங்க முழிச்சிட்டிருந்தேன்."

எனக்குக் கோழிப் பண்ணைகளுக்கு மருந்து விற்கிற பிழைப்பு. விடிந்ததும் கிளம்பி, பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, கழிச்சலுக்கு என்ன கொடுக்கலாம், முட்டை ஓடு ஏன் மெலிசாக இருக்கிறது என்று அதே பதிலை அதே முகத்தோடு சொல்லிவிட்டு வர வேண்டும். முழங்கால் தேய்ந்துபோனதால் பைக் ஆகாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ரோடே என்னைத் தாலாட்டுகிறது என்றால் நான் என்ன செய்ய? அசதி அப்படி. ராத்திரி படுத்தால் மட்டும் கொட்டக் கொட்ட முழித்திருப்பேன். தூக்கத்துக்கு என்மேல் ஏதோ பழைய பகை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தீர்ப்பைச் சொன்னாள். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் சாவி அவளிடம்தான் இருக்கும். என்னோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள்? அவளே மாட்டேன் என்றுவிட்டாள். பாட்டைப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். பென்டிரைவ் பாட்டில் அடுத்தது எதுவென்று மூளைக்குத் தெரியும், தெரிந்தால் தூங்கிவிடும் என்றாள். ரேடியோ என்றால் அடுத்து என்ன வருமென்று யாருக்கும் தெரியாது. ஆக, ரேடியோ.

என் வண்டி இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். நாலு சக்கரமும் ஹாரனும் கொடுத்ததே பெரிது. ஸ்டீரியோவையும், கூரையில் ஒட்டுகிற, மீன் துடுப்பு மாதிரியான ஆன்டெனா ஒன்றையும் ஆன்லைனில் வரவழைத்து, சங்ககிரியில் லாரிகளுக்கு ஹாரன், ஸ்பீக்கர் மாட்டுகிற ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். துடுப்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டினார்.

"அண்ணா, இது அழகுக்கு ஒட்டறதுங்க. உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

"ஒயர் எங்கப்பா?"

"அதான் சொல்றனுங்க. ஒயரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் பிளாஸ்டிக்கு."

ஸ்டீரியோ மட்டும் நிஜமாக இருந்தது. டேஷ்போர்டைக் கழற்றி அரை மணியில் பொருத்திவிட்டார். கண்ணாடியில் ஒட்டுகிற ஆன்டெனா போதாதா என்று கேட்டேன். டவுனுக்குள் எடுக்கும், கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனால் வெறும் இரைச்சல்தான் வரும் என்றார். நான் தூங்குவதே அந்த அடிவாரத்துப் பண்ணைகளுக்குப் போகிற ரோட்டில்தான். நல்லதாக ஒரு கம்பி ஆன்டெனாவைக் கூரையில் பொருத்தினால் கவலையில்லை என்று சொல்லிவிட்டு, மெதுவாக, "ஒரே ஒரு தொளை போடோணுங்க" என்றார்.

நான் எழுந்துபோய்க் கூரையைக் கையால் தடவிப் பார்த்தேன்.

இதில் சிரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முழங்கால் போவதற்கு முன் நான் போர் போடுகிற ரிக் வண்டியில் மேனேஜர். எங்கள் பக்கத்து ஆட்கள் தேசம் முழுக்கப் பூமியில் துளை போட்டவர்கள், அதில் என் பங்கு கொஞ்சமில்லை. ஊரான் காடு தோட்டத்தில் ஆயிரம் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவேன். என் வண்டிக் கூரையில் அரை அங்குலம் என்றதும் ஆயிரம் யோசனை. துரு ஏறும், மழை ஒழுகும், ஓர் எழவும் எடுக்காமல் துளை மட்டும் மிஞ்சும். இத்தனையும் துளை போடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது எனக்கு.

வாய் சும்மா இருக்குமா? "தம்பி, இன்னிக்கு நாள் எப்படி? ராகு காலம் இல்லையே? எங்க வண்டியில பாக்காம ராட எறக்க மாட்டோம்" என்றேன்.

டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர், நான் ரிக் ஆள் என்பதை என் புலம்பலிலேயே கண்டுபிடித்திருந்தார். "ஏனுங்க, நீரோட்டப் பாயிண்ட் பாத்தாச்சுங்களா? உள்ளங்கையில தேங்காய வெச்சுக்கிட்டு கூரை மேல ஒரு நடை நடந்துருங்க. தேங்கா எந்திரிச்சு நிக்கிற எடத்துல போட்டுப்போடலாம்."

"கேசிங் பைப்பு எத்தன அடிங்க?" என்றார் பட்டறைக்காரர், டிரில்லைச் சொருகிக்கொண்டே.

நானும் சிரித்தேன். அந்தக் கேள்விகளையெல்லாம் நான் வேறு இடங்களில் கேட்டவன். எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி, குடும்பமே கும்பிட்டு நிற்கும். ராடு இறங்க இறங்கத் தண்ணீருக்குப் பதில் வெள்ளைப் புழுதி கிளம்பும். "இன்னும் நூறடி போலாங்களா?" என்று நான் கேட்பேன். காட்டுக்குச் சொந்தக்காரர் தன் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார். அவள் தலையை ஆட்டுவாள். மறுபடியும் புழுதி. கடைசியில் ஈரமே இல்லாத ராடை உருவும்போது எல்லோரும் துளையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் ஏதாவது ஜோக் அடிப்பேன், ஆட்கள் சாப்பிடப் போக வேண்டுமே. துளைக்குப் பக்கத்தில் காசைக் கட்டியவனாக நிற்பது எப்படியிருக்கும் என்பது இந்தப் பட்டறையில்தான் தெரிந்தது. அதுவும் எனக்கு அரை அங்குலத்துக்கே.

"அண்ணா, நீங்க உள்ள போயி கூரைத் துணியக் கீழ இழுத்துப் புடிச்சுக்குங்க. டிரில்லு அதுல மாட்டுனா சுருட்டிப்போடும்" என்றார் பட்டறைக்காரர். இரும்புத் தூள் பறந்து பெயிண்டைக் கீறாமல் இருக்கக் கூரைமேல் சுற்றிலும் ஈரத்துணி வைத்தார். நான் உள்ளே மல்லாந்து, கழற்றிவிட்ட துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு மேலே கிர்ரென்ற சத்தம். பல்லெல்லாம் கூசியது. தகரம் உள்பக்கமாகப் புடைத்தது, பொத்துக்கொண்டது, டிரில் முனை எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே என் நெற்றியில் சொத்தென்று ஒரு துளி.

"தண்ணி!" என்று கத்தினேன். "தண்ணி வந்துருச்சு! நிறுத்து, ராட எடு!"

ரிக்கில் கத்துகிற அதே குரல். இத்தனை வருஷமாகியும் உள்ளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. ஈரத்துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் என்று எனக்குப் புரிவதற்குள் பட்டறையே சிரித்துக்கொண்டிருந்தது. டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தண்ணி எத்தன இஞ்சுங்க? மோட்டார் எறக்கீரலாங்களா?"

அதற்குப் பிறகு மளமளவென்று நடந்தது. துளையின் விளிம்பில் பெயிண்டைச் சுரண்டினால்தான் எர்த் கிடைக்கும் என்று சுரண்டினார். ரப்பர் வாஷரை வைத்துக் கம்பியை முடுக்கினார். ஒயரைக் கதவோரத் தூண் வழியாக இறக்கி ஸ்டீரியோவின் முதுகில் சொருகினார். இரைச்சலே இல்லாமல் ஒரு பெண் குரல் செய்தி வாசித்தது. நாள் முழுக்க மூட்டை தூக்கியவனைப் போல அந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மனைவி சாவியைக் கொடுத்தாள். "பாக்கலாம்" என்று ஒரே வார்த்தை.

மத்தியானம் கொல்லிமலை அடிவாரத்திலும் ரேடியோ மணியாக எடுத்தது. மிளகாய்ச் செடியில் இலைச் சுருட்டலைப் பற்றி ஒருவர் பேசினார். நல்ல விஷயம், பயனுள்ள விஷயம். ஆனால் அவருக்கு ஏற்ற இறக்கம் என்பதே கிடையாது. மூன்றாவது மருந்தின் பெயரைச் சொல்லும்போது என் இமை ஒரு தரம் மூடித் திறந்தது. நடுவில் கொஞ்சம் ரோடு காணாமல் போயிருந்தது. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். கை ஸ்டியரிங்கை விடவே மாட்டேன் என்றது.

நானே அவளுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, ரேடியோ எடுக்குதுங்களா?"

"எடுக்குது அம்மிணி. சுத்தமா எடுக்குது."

"அப்பறம்?"

"தூக்கமும் வருது."

இதோ, சாவி போயிற்று, பிழைப்பும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"ஓட்டிக்கிட்டா பேசறீங்க?"

"இல்ல. ஓரமா நிறுத்திட்டேன். வேப்பமரத்தடியில."

"இன்ஜினு?"

"அணைச்சாச்சு."

"அப்பத் தூங்குங்க. பண்ணைக்காரரு சித்த நேரம் காத்திருக்கட்டும். கோழி ஒண்ணும் ஓடிப்போகாது. தெனமும் இப்பிடியே நிறுத்திட்டுத் தூங்கறதுன்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சரி."

"அந்த ரேடியோவ மொதல்ல நிறுத்துங்க. அந்த ஆளு பேசறதக் கேட்டா எனக்கே கண்ணச் சொருகுது."

நிறுத்தினேன். சீட்டைச் சாய்த்தேன். அவள் போனை வைக்கவில்லை. நிஜமாகவே தூங்குகிறேனா, இல்லை ஏமாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பப் போகிறேனா என்று காது கொடுத்துக் கேட்கிறாள் போலிருந்தது. குறட்டை கேட்டிருக்கும்.