கீறல் இல்லாத கழுத்து

மாமனாரின் எச்சிலைத் தினமும் காலையில் பார்க்கும் வேலை எனக்கு வந்தது, வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி என்பதால். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மாமியார் இல்லை. தெமோதரைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்ட லயத்தில் நானும், மாமாவும், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த என் மகளும் மட்டும்தான்.

மாமாவின் தொண்டை ஒரு மழைக்காலம் முழுக்கக் கம்மிப்போய்க் கிடந்தது. ஓயாத சுருட்டு. பதுளையில் காட்டினோம், கொழும்புக்கு அனுப்பினார்கள். குரல் நாணில் புற்று, ஆரம்பம்தான் என்றார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கழுத்தை வெட்டேல்லை, பிள்ளை. வாய்க்குள்ளாலை குழாய் விட்டு லேசராலை சுட்டு எடுத்திருக்கிறம். கொஞ்ச நாளைக்கு அவர் கதைக்கக் கூடாது. சுருட்டு இனித் தொடவே கூடாது. தொட்டால் இது திரும்பி வரலாம். அடுத்தமுறை குரலையே எடுக்கவேண்டி வரும். துப்பலிலை ரத்தம் கண்டால் உடனை கொண்டு வாங்கோ. விளங்குதே?”

விளங்கியது. எவ்வளவு இரத்தம் என்று கேட்க மறந்துவிட்டேன். ரயிலில் திரும்பி வந்த வழியெல்லாம் அதே யோசனை.

துப்புவதற்குப் பால்மா டின் ஒன்றை வைத்தேன். சாம்பல் போட்டால் இரத்தம் தெரியாதே என்று வெறும் டின்னாகவே வைத்தேன். விடிந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். மஞ்சளும் பச்சையுமாகச் சளி, நடுவே கருகிய தோல் போல ஏதோ. சில நாள் பழுப்பாக ஒரு நூல். இரத்தமா, தேத்தண்ணியா? குச்சியால் கிளறுவேன். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் விரலில் இன்னும் அந்த வாடை இருப்பதுபோலத் தோன்றும். எழுந்து மறுபடி சவர்க்காரம் போடுவேன்.

லயத்து ஆட்கள் பிஸ்கட்டோடு பார்க்க வந்தார்கள். எல்லாரும் முதலில் பார்த்தது கழுத்தை.

“என்ன மச்சான், ஒரு கீறலையும் காணோம்? மயக்க மருந்து குடுத்து, தூங்க வச்சி அனுப்பிட்டானுங்களா?” என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்.

“உள்ளுக்குள்ள சுட்டு எடுத்தாங்க,” என்றேன்.

“சுடுறதுன்னா நம்ம அடுப்புலயே சுட்டிருக்கலாமே!”

மாமாவுக்குச் சிரிப்பு. பேசக் கூடாதாகையால் வாயை ஆவென்று திறந்து காட்டினார். டோர்ச் அடித்து ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை படிந்த நாக்கு, கறை ஏறிய பல், கருகிய மாமிசத்தின் நாற்றம். கொண்டுவந்த பிஸ்கட்டைத் தானே தின்றபடி பார்த்தவரும் உண்டு. “ஒண்ணுமே தெரியலையே!” என்று குறைப்பட்டார்கள். அது அவ்வளவு சுலபமாகத் தெரிகிற இடமில்லை என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

காயம் இல்லையென்றால் வியாதியும் இல்லை என்று லயம் முடிவுகட்டியது. குரல் சொரசொரவென்று திரும்பியதும் மாமாவும், “அது வெறும் சளிக்கட்டுதான், புள்ள,” என்று சொல்லத் தொடங்கினார்.

ஒரு சாயங்காலம், வாசல்பக்க இஸ்தோப்பில் அவர் மடியிலிருந்த மகளைத் தூக்கி உச்சி முகர்ந்தேன். தலைமயிரில் சுருட்டு வாடை. வேறு யாராவது பிடித்த புகையாகவும் இருக்கலாமே என்று மறுபடி முகர்ந்தேன்.

மருமகள் மாமனாரின் முகத்துக்கு நேரே நிற்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நின்றேன்.

“ஊதுங்க, மாமா.”

“என்னா?”

“வாயத் தொறந்து ஊதுங்க.”

“நீ என்னா, போலீசா?”

பேத்திக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பிள்ளை அவரிடம் தாவி அழுதது. கடைசியில் ஊதினார். புகையிலையும் சளியும் சொத்தைப் பல்லும் சேர்ந்து சூடாக என் முகத்தில் அடித்தன.

“இன்னைக்குப் புள்ள இல்ல,” என்றேன். அவருக்கு இருந்த ஒரே சந்தோஷத்தைப் பறிக்கிறேனோ என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுநாளும் ஊதச் சொன்னேன். அன்றும் சுருட்டு வாடை இருந்தது. பிள்ளை இல்லை.

அதற்கு அடுத்த நாள், நான் கேட்காமலேயே அவர் வந்து குனிந்து ஊதினார். நாற்றம்தான், ஆனால் வயதான வாயின் வெறும் நாற்றம். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இன்னொரு தரம் ஊதச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையை நீட்டினேன்.