இரண்டு பேர் வேலை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஷாமினி எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தாள். சிரம்பானுக்குப் பக்கத்தில், மம்பாவில் எங்கள் வீட்டு வரிசையில் யாராவது இப்படி ஓடி வந்தால் இரண்டே காரணம்தான் — ஒன்று பாம்பு, இல்லையென்றால் தண்ணீர் வரவில்லை.

அன்றைக்கு இரண்டும் இல்லை.

“அங்கிள், அவங்க எனக்கு ரிப்ளை பண்ணியிருக்காங்க லா!”

ஷாமினிக்கு இருபத்திரண்டு வயது. பகலில் சுங்கை காடுட் ஃபேக்டரியில் வேலை. மற்ற நேரமெல்லாம் கித்தார். கோலாலம்பூரில் ஒரு ராக் குழு இருக்கிறது. அவர்கள் என்றால் இவளுக்கு உயிர். அவர்கள் பாட்டு ஒன்றைத் தன் போக்கில் வாசித்து வீடியோ போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு அவர்களே எழுதியிருக்கிறார்கள் — ‘எங்க பாட்டை இப்படியும் வாசிக்கலாம்னு எங்களுக்கே தெரியாது. எப்படிப் பண்ணீங்க?’

குதிக்க வேண்டிய பெண் என்ன செய்தாள் தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

“சும்மா மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்க அங்கிள். அவங்க எங்கே, நான் எங்கே...”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதே சந்தேகத்தை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். கையில் கித்தாரோடு. எதிரில் துப்பாக்கியோடு போலீஸ்.

வாராவாரம் இந்தப் பத்தியில் என் முழங்கால் வலியையும் ரோட்டுக் குழிகளையும் பற்றியே படித்துப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இருக்கும். ஆமாம், இந்தக் கிழவன் கித்தார் வாசித்தவன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பகாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். நாடு சுதந்திரம் வாங்கியாயிற்று. ஆனால் அவசரகாலம் இன்னும் முடியவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெளியே போகும்போது சோதனை. ஒரு கைப்பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது — காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். எங்கள் லயத்தில் ஒருவர் சைக்கிள் சீட்டுக்கு அடியில் சீனிப் பொட்டலம் வைத்திருந்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரும்போது அவருடைய கைக்குழந்தை நடக்கப் பழகியிருந்தது.

அந்தக் கித்தார் என் கைக்கு வந்தது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மூலமாக. அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனபோது, “இது லாரியில ஏறினா உடைஞ்சிடும், நீயே வெச்சுக்கோ மணியம்” என்று கொடுத்துவிட்டுப் போனார். எப்படி வாசிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

பிறகு யார் சொல்லிக் கொடுத்தது? ரேடியோ.

வேலிக்குள்ளேயே காதர் மாமுவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கே ஒரு ரேடியோ. சனிக்கிழமை நாலு மணிக்கு இளைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சி வரும். அது தொடங்கும்போது இரண்டு நிமிடம் ஒரு கித்தார் இசை — ‘ரெஜியும் டின் ரூஃப் பாய்ஸும்’ என்று அறிவிப்பாளர் சொல்வார். சிரம்பான் பையன்கள். ராக் அண்ட் ரோல்! கேட்டதும் உடம்பில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கீழே டும்-டும் என்று ஒரு நடை. அதன் மேலே ஒரு மெட்டு, சேவல் கூவுகிற மாதிரி வளைந்து வளைந்து ஏறும்.

வாரத்துக்கு இரண்டே நிமிடம். கேட்டதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடுவேன். கட்டைவிரலால் டும்-டும். மற்ற விரல்களால் மெட்டு. கட்டைவிரல் ஒரு பக்கம் இழுக்கும், மற்ற விரல்கள் இன்னொரு பக்கம் இழுக்கும். தோல் உரிந்தது. எட்டு மாதம் ஆயிற்று. காதர் மாமு தினமும் திட்டுவார் — “அடேய், அதைத் தூக்கிக் குப்பையில போடு. தேத்தண்ணி குடிக்கிறவன் எல்லாம் எழுந்து ஓடுறான்!”

எட்டு மாதம் கழித்து ஒரு நாள்... வந்துவிட்டது. முழு இரண்டு நிமிடமும். ஓர் இடத்தில் மட்டும் கட்டைவிரல் கொஞ்சம் தடுக்கும்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு பகாவ் சினிமா கொட்டகையில் டின் ரூஃப் பாய்ஸ் வாசிக்கிறார்கள்!

விடுவேனா? எப்படியாவது அந்த ரெஜியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் — அந்தக் கம்பியை எப்படி அழ வைக்கிறீர்கள்? எனக்கு எல்லாம் வந்தது, அந்த அழுகை மட்டும் வரவில்லை. கித்தாரைக் கோணிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் காவலுக்கு நின்றவன் எனக்குத் தெரிந்த பையன். “கச்சேரியா? போ, போ” என்று விட்டுவிட்டான்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது மடியில் பை கொஞ்சம் சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

பெரிய ரோடு பிரிகிற இடத்தில் போலீஸ் தடுப்பு. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். ஒரு மலாய் சார்ஜன், கட்டை மீசை. என் பையைத் தூக்கிப் பார்த்தார். கித்தாரை வெளியே எடுத்தார். பிறகு கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்தார்.

சோறு. சுடு சோறு. மேலே கருவாட்டுச் சம்பல்.

அம்மா! பிள்ளை மத்தியானம் பட்டினி கிடப்பானே என்று எனக்குத் தெரியாமல் வைத்துக் கட்டியிருக்கிறாள்.

“யார் வெச்சது?” சார்ஜன் மலாயில் கேட்டார்.

அம்மா பேரைச் சொன்னால் அம்மாவைத் தேடிப் போவார்கள்.

“நான்தான், துவான்.”

“யாருக்குக் கொண்டு போறே?”

“எனக்குத்தான். பசிக்கும்னு...”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.” என் ஐ.சி.யை, அடையாள அட்டையை, வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். “அங்கே போய் நில்லு. ஜீப் வரும்.”

பஸ் போய்விட்டது. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். எனக்கு அந்தச் சீனிப் பொட்டலக்காரர் ஞாபகம்தான். அவருக்காவது மனைவி இருந்தாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான்.

ஜீப் வரவில்லை. சார்ஜனுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. கித்தாரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“இது கித்தாரா, சோத்து மூட்டைக்கு மூடியா? வாசிக்கத் தெரியுமா உனக்கு? வாசி, பார்க்கலாம்.”

எனக்கு முழுசாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே? அதையே வாசித்தேன். தொடங்கும்போது இரண்டு தடவை தப்பாயிற்று. பிறகு கட்டைவிரல் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. டும்-டும்... டும்-டும்... மெட்டு மேலே ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதியில் பின்னாலிருந்து ஒரு தாளம். யாரோ தகரத்தில் தட்டுகிறார்கள். அச்சாக, சரியான நடையில்! திரும்பிப் பார்த்தால் வரிசையில் நின்ற ஒரு வேனின் பானட்டில் ஒரு மலாய் இளைஞன் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு சீனப் பையன், வாயைத் திறந்தபடி. மூன்றாவது ஆள் — ஒல்லி, பாதி வெள்ளைக்காரச் சாயலில் ஒரு சட்டைக்காரப் பையன், கூர்மூக்குச் சப்பாத்து — என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.

வேனின் பின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய டிரம். அதன் தோலில் ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றாகப் படித்தேன். டின்... ரூஃப்...

கை அப்படியே நின்றுவிட்டது.

“நிறுத்தாதே!” என்றான் ஒல்லி, மலாயில். “முதல்லேர்ந்து. மெதுவா.”

ரெஜி! தாளம் போட்டவன் அப்படித்தான் அவனைக் கூப்பிட்டான். அதுவரை குரலைக்கூட நான் கேட்டதில்லை. கித்தாரைத்தான் கேட்டிருக்கிறேன். மறுபடியும் வாசித்தேன். அவன் எனக்கு எதிரே ரோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்தான். வாசித்து முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கு முகம் செத்துவிட்டது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“ரேடியோ.”

“ரேடியோவில எத்தனை கித்தார் கேட்டுச்சு உனக்கு?”

“ஒண்ணு. உங்களுது.”

ரெஜி எழுந்து அந்தச் சீனப் பையனைப் பார்த்துக் கத்தினான். “ஆ லெங்! கேட்டியா? ஒண்ணாம்!”

விஷயம் என்னவென்றால்... அது இரண்டு கித்தார். டும்-டும் வாசித்தது ஆ லெங். மெட்டு வாசித்தது ரெஜி. இரண்டு பேர் செய்த வேலையை ஒருத்தன்தான் செய்கிறான் என்று நம்பி, எட்டு மாதம் விரலைத் தேய்த்து நான் ஒருவனே வாசித்திருக்கிறேன். முடியாத காரியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

ஆ லெங் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அப்போ நான் வீட்டுக்குப் போகலாமா?” என்றான். பிறகு கையை நீட்டினான்.

“ரெண்டு பேர் வேலையை நீ ஒருத்தனே பண்ணிட்டே!” என்றான் ரெஜி. நான் அவனிடம் என்ன கேட்டேன் தெரியுமா? அசடு மாதிரி, “சும்மாதானே சொல்றீங்க?” என்று.

“சும்மாவா? நானும் இப்படி வாசிக்கலாம்னு ஒரு வருஷம் முயற்சி பண்ணி விட்டுட்டேன். என் கட்டைவிரல் கேட்க மாட்டேங்குது. எனக்குச் சொல்லிக் கொடு.”

சொல்லிக் கொடு! அந்த நேரத்தில் சார்ஜன் தொண்டையைக் கனைத்தார். நான் கைதி என்பதையே மறந்திருந்தேன். வேனில் தாளம் போட்ட டிரம்காரன் ஒஸ்மான் அவரிடம் போய் ஏதோ பேசினான். சார்ஜன் முடியாது என்று தலையை ஆட்டினார். “ரேடியோக்காரனா இருந்தா என்ன? சோறு சோறுதான். இந்தத் தடுப்பைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாது. அதுதான் சட்டம்.”

மீசையை ஒரு தடவை நீவினார். பிறகு பொட்டலத்தை என் முன்னால் வைத்தார்.

“இங்கேயே தின்னு. என் கண்ணு முன்னால. மிச்சம் வெச்சா ஜீப்தான்.”

பயத்தில் எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. ரெஜி பார்த்தான். மணல் மூட்டையில் உட்கார்ந்தான். இலையில் கையை வைத்தான். பின்னாலேயே ஒஸ்மான். பிறகு ஆ லெங். நாலு கைகள் ஒரு இலையில். ஆ லெங்குக்குச் சம்பல் காரம், கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் விடவில்லை. கடைசிப் பருக்கை வரைக்கும் சார்ஜன் குனிந்து பார்த்தார். இலையை உதறச் சொன்னார். என் ஐ.சி.யை நீட்டினார்.

“போ. அடுத்த தடவை வீட்டிலேயே தின்னுட்டு வா.”

பகாவுக்கு வேனில்தான் போனேன். இருபது நிமிடம். ரெஜி எனக்குக் கம்பியை எப்படி அழ வைப்பது என்று காட்டினான் — கம்பியை அழுத்திப் பிடித்து மேலே தள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் அவன் கட்டைவிரலைப் பிடித்து நடை சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் சரியாக வரவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

அந்த மெட்டை மேடையில் நானே வாசிக்க வேண்டும் என்றார்கள்; ஆறு மணிக்குள் நான் திரும்ப வேண்டும் என்று, கடைசியில் வைத்திருந்ததை முதலில் வைத்தார்கள். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், நான். கொட்டகை கைதட்டியதா? தட்டியிருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. நான் வாசித்த அந்த இரண்டு நிமிடமும் ரெஜி வாசிக்கவில்லை. மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். சனிக்கிழமைகளில் ரேடியோவுக்கு முன்னால் நான் நிற்பேனே... அந்த மாதிரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ், ஐ.சி., ஜீப் என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “என் புத்திய செருப்பால அடிக்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பிள்ளைங்களுக்கு உப்பு சரியா இருந்துச்சாடா?” என்றாள்.

நான் பெரிய கித்தார்க்காரன் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, கல்யாணம், பிள்ளைகள், வார இறுதியில் விருந்துகளில் கொஞ்சம் வாசிப்பு. ரெஜி சில வருடங்களில் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டான். போகிற வரைக்கும் சிரம்பானுக்குப் போகும்போதெல்லாம் அவன் வீட்டில் உட்கார்ந்து வாசித்திருக்கிறோம். அவன் என் ரசிகனா, நான் அவன் ரசிகனா என்று அப்போதெல்லாம் நாங்கள் யோசிக்கவே இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. இவ்வளவையும் ஷாமினியிடம் சொன்னேன், இந்தக் கடைசி விஷயத்தையும் சேர்த்து.

அந்த ஞாயிறுக்கு அப்புறம் இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை, நாலு மணி. காதர் மாமு கடையில் பத்துப் பேர் இருந்தோம். நிகழ்ச்சி தொடங்கியது. டும்-டும்... மெட்டு... ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. இரண்டு கித்தார் இல்லை. ஒன்றுதான். கட்டைவிரல் ஓர் இடத்தில் கொஞ்சம் தடுக்கி, பிறகு ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டது. அது ரெஜியின் தடுமாற்றம் இல்லை. என்னுடையது. அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டான்!

காதர் மாமு தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு ரேடியோவை முறைத்துப் பார்த்தார்.

“பாரு மணியம்... நல்லா வாசிச்சிட்டு இருந்த பையன், உன்னை மாதிரியே கெட்டுப் போயிட்டான்!”