மூன்றாம் ஆள்

என் கணவர் சிவமணி முப்பத்தேழு கலியாணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர். பாரிஸில் எங்கள் தமிழ்ச் சனம் கூடும் லா சப்பலில் யாருக்கு நகரசபையில் பதிவுத் திருமணம் என்றாலும், பிரெஞ்சு எழுத வாசிக்கத் தெரிந்த மனுசன் என்று எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதற்கென்றே ஒரு சாம்பல் நிறக் கோட்டு வைத்திருந்தார். அதை மாட்டினால், "தெமுவான் வெளிக்கிட்டார்" என்று நான் பகிடி பண்ணுவேன். தெமுவான் என்றால் பிரெஞ்சில் சாட்சி.

அந்தச் சொல்லின் பூர்வீகத்தை அவருக்குச் சொன்னவர் மேல்வீட்டுச் சூசைநாதன். புதுச்சேரிக்காரர், பொபினியில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"லத்தீன்ல சாட்சின்னா மூணாவது ஆள்னு அர்த்தம், சிவமணி. ரெண்டு பேருக்குள்ள நடக்கிறத பக்கத்துல நின்னு பார்க்கிறவன். இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீஸ் எல்லாத்துலயும் அதே வேர்தான்."

அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் தெரியவில்லை. கட்டடம் கூட்டும் போர்த்துக்கீசப் பெண்ணிடம் கேட்டு, 'தெஸ்தெமூன்யா' என்று வந்தார். தான் வேலை செய்யும் கடைக்கு மரக்கறி இறக்கும் இத்தாலியனிடம் கேட்டு, 'தெஸ்திமோனே' என்று வந்தார்.

"இஞ்சை பாரும் நாகேஸ்வரி, எந்தப் பாசையிலும் சாட்சி எண்டால் பக்கத்திலை நிக்கிறவன்தான். விட்டிட்டு ஓடுறவன் இல்லை."

போகிற கலியாணமெல்லாம் இதே கதை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தவரத்தினத்தின் கலியாணத்துக்கும் இவர்தான் சாட்சி. இருவருக்கும் ஒரே பலசரக்குக் கடையில் வேலை. பிறகு தவரத்தினத்துக்கு வீட்டுச் சொந்தக்காரனோடு வழக்கு வந்தபோது சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் இவரே. எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் எழுதினார். அந்தப் படிவத்தில் ஒரு பெட்டி உண்டு: வழக்காளிக்கும் உமக்கும் என்ன உறவு?

"அண்ணன் எண்டு எழுதுங்கோ, அண்ணை," என்றார் தவரத்தினம்.

"பொய் எழுதக்கூடாதடாப்பா. சிநேகிதன் எண்டு எழுதிறன். இதை வெறுமையா விட்டால் கடிதம் செல்லாது. ஞாபகம் வைச்சிரு."

போன மாசியில் கடைக் களஞ்சியத்தில் ஏணி சறுக்கி இவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அது அவருடைய லீவு நாள். ஆள் குறைவென்று முதலாளிதான் கூப்பிட்டார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது தவரத்தினம். ஆனால் முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? சிவமணி அன்றைக்குச் சாமான் வாங்க வந்தவராம்! வேலையில்தான் விழுந்தார் என்று சொல்ல ஒரேயொரு சாட்சி போதும் என்றார் எங்கள் வழக்கறிஞர். இல்லாவிட்டால் நட்டஈடு ஒன்றும் கிடைக்காது, வேலையும் போய்விடும்.

தவரத்தினம் ஆசுப்பத்திரிக்கு வந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் எழுதித் தாறன் அண்ணை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

நான் இடியப்பம் அவித்து அந்த ஆளின் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பாழாய்ப்போன இடியப்பம்!

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த ஆள் தொலைபேசி எடுக்கவில்லை. "பாவம், அவனுக்கு என்ன கரைச்சலோ," என்று இவர் பரிந்து பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வியாழக்கிழமை வழக்கறிஞர் எங்களைக் கூப்பிட்டார். தவரத்தினத்தின் கடிதம் வந்திருந்தது, முதலாளியின் பக்கத்திலிருந்து. சிவமணி கூடையோடு சாமான் வாங்க வந்ததைத் தன் கண்ணால் கண்டாராம். ஏற வேண்டாமென்று சொல்லச் சொல்ல இவர்தான் ஏணியில் ஏறினாராம். வேலை போய்விடும் என்ற பயமென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே! நான் மன்னித்திருப்பேன். இப்போது என் வயிறு எரிகிறது.

இவர் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். உறவு கேட்கும் பெட்டியில் அவருடைய விரல் நின்றது. "ஒன்றுமில்லை" என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

"பாவி, இதையெண்டாலும் வெறுமையா விட்டிருக்கலாமே!" என்றேன்.

"விட்டால் செல்லாது," என்றார் இவர். "நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான்."